"நாளை பள்ளி விடுமுறை" அட்டை: பொய்ச் செய்தியை வகுப்பில் எப்படிப் பாடமாக்குவது?

#1 கரும்பலகை

வணக்கம். டெல்டா மாவட்டம் ஒன்றில், அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். போன ஐப்பசியில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

அன்று இரவு நல்ல மழை. ஒன்பது மணிக்கு மேல் ஒரு செய்தி அட்டை வந்தது. ஊரறிந்த தொலைக்காட்சியின் சின்னம், சிவப்புப் பட்டை, "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை: ஆட்சியர் அறிவிப்பு". அனுப்பியவர் மாணவர் அல்லர், எங்கள் ஆசிரியர் குழுவில் மூத்தவர் ஒருவர். நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் எட்டாம் வகுப்புப் பெற்றோர் குழுவுக்கும் தள்ளிவிட்டேன். விடிந்தால் சுள்ளென்று வெயில், விடுமுறை கிடையாது. 41 பேர் உள்ள வகுப்புக்கு 17 பேர்தான் வந்திருந்தார்கள். அட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் பொடி எழுத்தில் முந்தின ஆண்டுத் தேதி. எந்த மாவட்டம் என்ற பெயரே இல்லை.

வந்தவர்களில் ஒருவன் எழுந்து, "டீச்சர், நீங்கள் அனுப்பியதைப் பார்த்துவிட்டு அம்மா என்னை எழுப்பவே இல்லை" என்றான். பிறகு எப்படி வந்தாய் என்று கேட்டேன். "எதிர்வீட்டு அண்ணன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். காலையில் அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். லீவு என்றால் எதற்குத் துடைக்கிறார் என்று கிளம்பிவிட்டேன்."

இரண்டு பட்டம் வாங்கிய எனக்குத் தோன்றாதது அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அன்றிலிருந்து இது மனத்தைக் குடைகிறது. ஏழாம் வகுப்பில் "ஊடகமும் ஜனநாயகமும்" என்று ஒரு பாடம் இருக்கிறது. ஊடகங்களின் வகைகளை எழுதச் சொல்லித் தேர்வு வைக்கிறோம், பிள்ளைகளும் எழுதுகிறார்கள். ஆனால் கையில் வந்து விழுந்த ஒரு அட்டையை என்ன செய்வது என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. வாரத்தில் ஒரு பாடவேளை கிடைத்தால் என்ன செய்யலாம்? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

#2 அரைப்படி உப்பு

டீச்சர், பாடவேளை கிடைத்தால்தானே? நீதிபோதனை வகுப்பு என்று கால அட்டவணையில் ஒன்று இருக்கிறது, அதைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வார். விளையாட்டு வகுப்பை அறிவியல் ஆசிரியர் எடுத்துக்கொள்வார். மிச்ச நேரத்தில் எமிஸ் பதிவு, அதாவது மாணவர் விவரங்களை அரசு இணையதளத்தில் ஏற்றும் வேலை. மதிப்பெண் இல்லாத எதுவும் நம் பள்ளிகளில் நிற்காது. மதிப்பெண் வைத்தாலோ அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள்: "போலிச் செய்தியைக் கண்டறியும் வழிமுறைகள் ஐந்து எழுதுக."

#3 வளபட்டணக் கரை

நான் கண்ணூரில் இருக்கும் தமிழன், பிள்ளைகள் இங்கே அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். செய்து பார்த்திருக்கிறார்களா என்று கேட்டீர்கள். இந்த ஊரில்தான் செய்தார்கள்.

2017இல் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போட்டபோது, ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் புரளி கிளம்பியது நினைவிருக்கும். தமிழ்நாட்டிலும் அந்த ஆண்டு பிப்ரவரியில் இதே கதைதான். இங்கே படித்த பெற்றோர்களே பள்ளிக்கு வந்து "எங்கள் பிள்ளைக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு அப்போது ஆட்சியராக இருந்த மீர் முகமது அலி 2018இல் "சத்யமேவ ஜயதே" என்று ஒரு திட்டத்தைத் தொடங்கினார். மாவட்டத்தில் சுமார் 150 அரசுப் பள்ளிகள், 40 நிமிட வகுப்பு. ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்துவிட்டு அப்புறம் பிள்ளைகளுக்கு. அதே பெயரில் 2022இல் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார்கள். 5ஆம் வகுப்பு முதல் 10ஆம் வகுப்பு வரை 19.72 லட்சம் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்ததாக அந்தப் பொறுப்பில் இருக்கும் கேரள அரசின் கைட் நிறுவனம் சொல்கிறது. 2024இல் ஐந்தாம், ஏழாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடநூலிலேயே சேர்த்துவிட்டார்கள்.

எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்தவர்களையும் சேர்த்த கணக்கு அது. ஆனால் பாடநூலில் வந்தது வேறு விஷயம். என் மகள் ஏழாம் வகுப்பு. போன மாதம் நான் ஒரு வெள்ளப் படத்தைக் காட்டி "பார், எப்படி அடித்துக்கொண்டு போகிறது" என்றேன். அவள் பதிலே சொல்லாமல் என் கைபேசியை வாங்கி அந்தப் படத்தை வைத்துத் தேடினாள். பழைய படம், ஊரும் வேறு. ஒன்றும் பேசாமல் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

#4 பழைய நிருபர்

விடுமுறை அட்டையில் தொடங்குவது நல்லது, பிள்ளைகளுக்கு ஆர்வம் இருக்கும். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். 2018ஐ வகுப்பில் சொல்லுங்கள்.

அந்த ஆண்டு வட மாவட்டங்களில் "பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்" என்று குரல் பதிவுகளும் படங்களும் சுற்றின. மே மாதம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்காகத் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் வந்தது. வழி விசாரிக்க வண்டியை நிறுத்திய இடத்தில், 60 வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். யாரோ கைபேசியில் சொன்னார்கள், அடுத்த ஊரில் கூட்டம் வழிமறித்தது. அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். உடன் வந்தவர்களுக்கும் பலத்த காயம். அடித்தவர்கள் ரவுடிகள் அல்லர். பிள்ளை பெற்றவர்கள், தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு அடித்தவர்கள்.

அந்தச் சமயத்தில் நாடு முழுக்கச் சுற்றிய ஒரு காணொளியின் கதையையும் சொல்லுங்கள். தெருவில் சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள், மோட்டார் சைக்கிளில் இருவர் வந்து ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அத்தோடு முடிந்துவிடும். உண்மையில் அது 2016இல் கராச்சியில், குழந்தைகள் பாதுகாப்புக்காக ஒரு தொண்டு அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அதே இருவர் திரும்பி வந்து, குழந்தையை இறக்கிவிட்டு, கராச்சித் தெருவில் குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும் என்று எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். போட்ட பொய் எதுவும் இல்லை, வெட்டியது மட்டும்தான்.

இரண்டையும் வகுப்பில் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். முதலில் வெட்டியது, பேச விடுங்கள், பிறகு முழுசு. அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது.

இன்னொன்று. 2018ஐ மட்டும் சொன்னால் பாதிதான். 2023 மார்ச்சையும் சேருங்கள். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வடக்கே காணொளிகள் பரவின, வேறு சண்டைகளின் பழைய படங்களை ஒட்டி. திருப்பூரில் வேலை செய்தவர்கள் பயந்து ரயில் ஏறினார்கள், பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது. அந்தப் பொய்யைக் கேட்டபோது நமக்கெல்லாம் கோபம் வந்தது, வர வேண்டியதுதான். ஆனால் ஐந்து ஆண்டுக்கு முன் "வடக்கத்திக்காரன் பிள்ளை பிடிக்கிறான்" என்று நாம் பரப்பியபோது அந்தக் கோபம் எங்கே போயிருந்தது? பிள்ளைகள் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். நமக்குப் பதில் இருக்காது.

#5 தென்றல்வாசி

பின்லாந்தைப் பாருங்கள். 2016 முதல் அமலில் இருக்கும் பாடத்திட்டத்தில் எல்லாப் பாடத்துக்குள்ளும் இதைக் கலந்துவிட்டார்கள். கணக்கு வகுப்பில் புள்ளிவிவரத்தை வைத்து எப்படி ஏமாற்றலாம், ஓவிய வகுப்பில் படத்தை எப்படித் திரிக்கலாம் என்று.

#6 அரைப்படி உப்பு

பின்லாந்தைச் சொல்ல யாராவது வருவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். அங்கே மொத்த மக்கள்தொகை 56 லட்சம். நம் சென்னையைவிடக் குறைவு. ஆனாலும் கணக்கு வகுப்பிலேயே கலப்பது என்ற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. பாடவேளையைப் பிடுங்கும் கணக்கு ஆசிரியரையே மாட்டிவிடலாம்.

#7 எண்ணும் எடையும்

நான் சமூக அறிவியல் ஆய்வுத் துறையில் இருப்பவன். ஒருநாள் பயிற்சி முகாம் நடத்திப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பீகாரில் இது தொடர்பாக இரண்டு ஆய்வுகள் நடந்திருக்கின்றன, முடிவுகள் நேர் எதிர்.

முதலாவது 2019 மக்களவைத் தேர்தல் சமயத்தில், வயது வந்தவர்களிடம். வீட்டுக்கே போய் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். படத்தை வைத்துத் தேடுவது எப்படி, சரிபார்க்கும் தளங்கள் எவை, எல்லாம். பிறகு சோதித்தால், பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களும் ஒன்றுபோலத்தான் ஏமாந்தார்கள். கட்சிப் பற்று உள்ள ஒரு சாரார், தங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்யை முன்பைவிட அதிகமாகவே நம்பினார்கள்.

இரண்டாவது பள்ளிப் பிள்ளைகளிடம், மாநில அரசின் நூலகங்களில் வைத்து. 583 கிராமங்கள், 13,500க்கும் மேற்பட்ட மாணவர்கள், எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை. ஒருநாள் கூத்து இல்லை. 14 வாரத்தில் நான்கு நீண்ட வகுப்புகள், இடையில் வீட்டுப்பாடம். ஒப்பீட்டுக்காக இன்னொரு பாதிப் பேருக்கு அதே நேரத்தில் ஆங்கில வகுப்பு. இதில் பலன் கிடைத்தது. நான்கு மாதம் கழித்துப் போய்ச் சோதித்தபோதும் நின்றது. எனக்கு ஆச்சரியம் தந்த பகுதி வேறு: வகுப்புப் பக்கமே வராத பெற்றோர்களுக்கும் உண்மை எது, பொய் எது என்று பிரிக்கும் திறன் கூடியிருந்தது. பிள்ளைகள் வீட்டில் பேசியிருக்கிறார்கள்.

ஆக டீச்சர், ஒரே நாளில் கொட்டாதீர்கள். சிறிது சிறிதாக, திரும்பத் திரும்ப.

#8 இரண்டு பிள்ளைத் தாய்

எல்லோரும் செய்தியைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் நடந்தது வேறு.

என் மகன் ஒன்பதாம் வகுப்பு. வகுப்பில் ஒரு பெண் தூக்கக் கலக்கத்தில் வாயைத் திறந்து உட்கார்ந்திருந்ததை யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். இவன் அதை வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டான். மூன்று நாளில் வகுப்பே அதைப் பயன்படுத்தியது, பிறகு டியூஷன் பிள்ளைகள், பிறகு அவர்களுடைய அண்ணன்மார். அந்தப் பெண் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பள்ளியில் என்னைக் கூப்பிட்டார்கள். "பையன்கள் விளையாட்டு, நீங்கள் கண்டித்து வையுங்கள்" என்று முடித்துக்கொண்டார்கள்.

நான் அவனிடம் "அழித்துவிடு" என்றேன். "அழித்துவிட்டேன் அம்மா, ஆனால் அது இப்போது என்னிடம் இல்லை, எல்லோரிடமும் இருக்கிறது" என்றான். அதைச் சொன்னபோது அவன் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். அதுவரை அவனுக்கே அது புரிந்திருக்கவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுடைய அப்பா கதவைத் திறக்கவில்லை. அவர் செய்தது சரி.

பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவருடைய படத்தை அவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது, அனுப்பக் கூடாது என்பதை யார் சொல்லிக்கொடுப்பது? அந்தப் பெண் யாரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்? 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எனக்கே அப்புறம்தான் தெரியும். பணம் பறிபோனால் 1930 என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

#9 கரும்பலகை

அம்மா, இதை எழுதியதற்கு நன்றி. என் தலைப்பு எவ்வளவு குறுகலானது என்று இப்போதுதான் தெரிகிறது. உங்கள் மகன் சொன்ன அந்த ஒரு வரியை, பெயர் எதுவும் சொல்லாமல், வகுப்பில் பயன்படுத்திக்கொள்ள அனுமதி தருவீர்களா?

எனக்கு இன்னொரு சிக்கல். எங்கள் பிள்ளைகள் வெளியுலகப் பொய்யைவிட வீட்டுக்குள் வரும் பொய்யோடுதான் அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. அனுப்புகிறவர் பெரியப்பாவோ மாமாவோ தாத்தாவோ. எட்டாம் வகுப்புப் பெண், குடும்பக் குழுவில் பதினைந்து உறவினர் முன்னால் "பெரியப்பா, இது பொய்" என்று எழுதினால் என்ன ஆகும்? அவளுடைய அம்மாவுக்குத்தான் திட்டு விழும், பிள்ளையை வளர்த்த லட்சணம் இதுவா என்று. போன வாரம் ஒரு மாணவி நேராகவே கேட்டாள்: "பொய் என்று தெரிந்த பிறகு சும்மா இருக்கவா டீச்சர், அடி வாங்கவா?"

#10 வளபட்டணக் கரை

குழுவில் சொல்லக் கூடாது. தனியாகப் போய்க் கேட்க வேண்டும், அதுவும் கேள்வியாக. என் மகள் "இது பொய்" என்று சொல்லவே மாட்டாள். "இது எப்போது நடந்ததாம்?" என்பாள். அது பெரிய ஆயுதம்.

#11 கல்முனை வாசகர்

நான் கிழக்கிலங்கையில் பாடசாலை ஆசிரியராக இருந்தவன். எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்று.

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில், முஸ்லிம் ஒருவருடைய சாப்பாட்டுக் கடையில் உணவில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று கதை. கறியில் ஏதோ வெள்ளையாகத் திரண்டு கிடந்ததாம். கூட்டம் சூழ்ந்துகொண்டு சிங்களத்தில் கேட்கிறது, அந்த மனிதருக்குச் சிங்களம் அரைகுறை. பயத்தில் ஆமாம் என்பதுபோல ஏதோ சொல்லிவிட்டார். அதைக் காணொளியாக்கி முகநூலில் விட்டார்கள். அன்றிரவே கடை நொறுங்கியது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பிறகு அரச பகுப்பாய்வுத் திணைக்களம் பரிசோதித்தால் அது வெறும் மாவுக் கட்டி. அப்படி ஒரேயடியாக மலடாக்கும் மாத்திரை உலகத்திலேயே கிடையாது. அடுத்த வாரம் வேறொரு சம்பவத்தை வைத்துக் கண்டி, திகன பக்கம் பெரிய வன்முறை. அரசாங்கம் முகநூல், வாட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் சில நாட்கள் முடக்கியது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. அந்தக் காணொளி போலி இல்லை. இடம் சரி, திகதி சரி, ஆளும் சரி. படத்தை வைத்துத் தேடினால் எதுவும் அகப்படாது. அவர் எந்த மொழியில் கேட்கப்பட்டார், அது அவருக்கு விளங்கியதா என்று கேட்கத் தெரிந்தால்தான் பிடிபடும். எங்கள் பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசி நுட்பத்தைவிட, பக்கத்து வீட்டுக்காரருடைய மொழியைக் கற்றுக்கொடுப்பது முக்கியம் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. பாடசாலை அதிபர் அதை ரசித்ததில்லை.

#12 அரைப்படி உப்பு

ஐயா சொன்னது உறைக்கிறது. ஆனால் எனக்கு இதிலேயே ஒரு பயம். இப்படிச் சந்தேகப்படு, சந்தேகப்படு என்று பழக்கினால் பிள்ளைகள் எதையுமே நம்ப மாட்டார்கள். என் அக்கா மகன் அப்படித்தான். பாடநூலும் பொய், செய்தித்தாளும் பொய், புயல் எச்சரிக்கையும் பொய், எல்லோரும் காசு வாங்கிக்கொண்டு சொல்கிறார்கள் என்பான். கடைசியில் அவன் நம்புவது யாரோ ஒரு யூடியூப்காரனை. சந்தேகம் முற்றினால் அங்கேதான் போய் நிற்கிறது.

#13 எண்ணும் எடையும்

நியாயமான பயம். அதனால்தான் "உற்றுப் பார், சந்தேகப்படு" என்று சொல்லிக்கொடுப்பதே தவறு என்கிறார்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தவர்கள். வரலாற்றுப் பேராசிரியர்கள் 10 பேர், செய்தி சரிபார்ப்பவர்கள் 10 பேர், கல்லூரி மாணவர்கள் 25 பேரிடம் சில இணையதளங்களைக் கொடுத்து, நம்பலாமா என்று கேட்டார்கள். பேராசிரியர்கள் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஊன்றிப் படித்தார்கள். சின்னம் அழகாக இருக்கிறது, அடிக்குறிப்பு இருக்கிறது என்று பலர் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் படிக்கவே இல்லை. வந்த வேகத்தில் வெளியேறி, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிவிட்டுத்தான் திரும்பினார்கள். பக்கவாட்டு வாசிப்பு என்று இதற்குப் பெயர்.

டீச்சருடைய மாணவன் செய்தது வேறென்ன? அட்டையை அவன் ஆராயவில்லை. வேனைப் பார்த்தான்.

#14 கரும்பலகை (ஐந்து வாரம் கழித்து)

பாடவேளை கிடைக்கவில்லை. அரைப்படி உப்பு ஜெயித்துவிட்டார். ஆனால் காலை வணக்கக் கூட்டத்தில் தினமும் ஒருவர் செய்தி வாசிப்பது எங்கள் பள்ளியில் இருக்கிறது, உங்கள் பள்ளிகளிலும் இருக்கும். தலைமையாசிரியரிடம் கேட்டு அதில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். வாசிக்கிறவர் செய்தி முடிந்ததும் இரண்டு வரி சொல்ல வேண்டும்: இதை எங்கே எடுத்தேன், வேறு எங்கே பார்த்தேன். இரண்டாவது இடம் கிடைக்காவிட்டால் "இன்னும் கிடைக்கவில்லை" என்று சொல்லிவிட்டு இறங்கலாம், தப்பில்லை.

முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாம் வாரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு நடிகர் இறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, "வேறு எங்கும் இன்னும் கிடைக்கவில்லை" என்று அவனே குழம்பி நின்றான். கூட்டத்தில் ஒரு குரல்: "அவர் நேற்று ராத்திரி டிவியில் வந்தாரே!" அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. சனிக்கிழமை ஒரு வகுப்பு கிடைத்தபோது கராச்சிக் காணொளியை இரண்டு பாதியாகப் போட்டேன். நிருபர் ஐயா சொன்னது சரி, விளக்கமே தேவைப்படவில்லை. 2018ஐயும் 2023ஐயும் சேர்த்துச் சொன்னேன். அவர் சொன்ன கேள்வியும் வந்தது. பதில் என்னிடம் இல்லை. எங்கள் வகுப்பில் ஒடிசாவிலிருந்து செங்கல் சூளைக்கு வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். மற்றவர்கள் ஒருமுறை அவன் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள்.

அடி வாங்கவா என்று கேட்ட மாணவியின் கதை. அவளுடைய தாத்தா, யுனெஸ்கோ நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்ததாக அறிவித்துவிட்டது என்ற அந்தப் பழைய புரளியைக் குழுவில் போட்டிருக்கிறார். இவள் சாயங்காலம் காபி கொண்டுபோய்க் கொடுக்கும்போது, "தாத்தா, எந்த வருடம் அறிவித்தார்களாம்? ஸ்கூலில் சொல்ல வேண்டும்" என்று கேட்டிருக்கிறாள். தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினாராம். இரண்டு நாள் கழித்து, "வருடம் எங்கேயும் போடவில்லையே, நீ ஸ்கூலில் சொல்லாதே" என்றாராம். குழுவில் அதை அழிக்கவில்லை. அவ்வளவு தூரம் இறங்கி வர மாட்டார் போலிருக்கிறது.

#15 இரண்டு பிள்ளைத் தாய்

டீச்சர், அனுமதி உண்டு, பயன்படுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பெண் வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டாள். என் மகன் கைபேசியைத் தொடாமல் இரண்டு வாரம் இருந்தான், இப்போது மறுபடி தொடங்கிவிட்டான். படம் எடுக்கும்போது மட்டும் கேட்கிறான்.

#16 கரும்பலகை

இன்று அதிகாலையிலிருந்து இங்கே கொட்டுகிறது. ஆறரை மணிக்கு மறுபடியும் ஒரு விடுமுறை அட்டை. இந்த முறை நான் யாருக்கும் அனுப்பவில்லை. எதிர்வீட்டு வேனைப் பார்த்துக் கிளம்பி வந்த அந்தப் பையனே, அவனுடைய அம்மாவின் எண்ணிலிருந்து எனக்கு எழுதியிருந்தான்: "டீச்சர், தேதி சரி, மாவட்டம் சரி. ஆனால் ஆட்சியர் பக்கத்தில் இன்னும் போடவில்லை. நான் பையை எடுத்து வைத்துவிட்டேன்."

#17 அரைப்படி உப்பு

விடுமுறை உண்டா இல்லையா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

#18 கரும்பலகை

7.10க்கு ஆட்சியர் பக்கத்தில் போட்டார்கள். உண்டு. அட்டை உண்மைதான்.